ஒரு ராசிக்குப் பத்துப் பேர்

குமரேசன் கோபமாக எழுந்தபோது பிளாஸ்டிக் நாற்காலியும் இடுப்போடு ஒட்டிக்கொண்டு எழுந்தது. அதைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து கோபத்தைத் தொடர்ந்தார்.

“என் ராசிய ரத்து பண்றதுக்கு இவன் யாருமே?”

பக்கத்தில் அவர் மனைவி முனியம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் பார்வை சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால். இன்னும் ஐந்தே முக்கால் மணி நேரம்தான்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் இருக்கும் தேவாவின் பிரவுசிங் சென்டரில் அப்போது மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். ஒருத்தி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாமவன் தேவா. பிரிண்டரைத் தட்டிக்கொண்டிருந்தான். மூன்று பக்கம் துப்பிவிட்டு அது மூச்சை நிறுத்தியிருந்தது.

விஷயம் இதுதான். குமரேசனுக்கும் முனியம்மாளுக்கும் பிரம்மதேசம் பக்கம் நாலு ஏக்கர், ஒரே மகள். நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் விளைந்தன. மகள் வெண்ணிலா கடல் பறவைகளைப் பற்றிப் படித்தாள். படித்தவள் இரண்டு வருஷத்துக்கு முன் உலகத்தின் உச்சிக்கே போய்விட்டாள். அங்கே பனிக்கட்டி மிதக்கும் கடலில் ஓடும் ஒரு சின்னச் சொகுசுக் கப்பலில் வழிகாட்டி வேலை. பயணிகள் நூறு பேர். அவர்களைக் கவனிக்க எழுபது பேர். வேலையில் இரண்டு வருஷம் முடித்தவர்களின் பெற்றோருக்குக் கப்பல்காரர்கள் ஒரே ஒரு முறை ஒரு கேபின் கொடுப்பார்கள். பத்து நாள். அப்பா, அம்மா இரண்டு பேரும் வந்தால்தான் உண்டு. ஒருவர் மட்டும் என்றால் கிடையாது.

வெண்ணிலாவிடமிருந்து முந்தின நாள் வந்த செய்தியை முனியம்மாள் மனப்பாடம் செய்திருந்தாள். ‘அம்மா, நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஃபாரம் அனுப்பிடு. ரெண்டு பேர் போனுக்கும் தனித்தனியா ஓடிபி வரும். அஞ்சு தாண்டினா கேபின் வேற ஆளுக்குப் போயிடும். நான் பனிக்குள்ள போறேன். மூணு நாளைக்கு லைன் கிடைக்காது.’

இரண்டு வருஷமாக மகளை உள்ளங்கை அகலப் போன் கண்ணாடியில்தான் பார்க்கிறாள். அவள் எங்கே தூங்குகிறாள், என்ன தின்கிறாள், சிரிக்கும்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள், ஒன்றும் தெரியாது. பாஸ்போர்ட் எடுத்து பீரோவில் வைத்து ஒரு வருஷம் ஆகிறது. இந்த ஃபாரமும் கணவரின் ஓடிபியும்தான் பாக்கி.

அந்த நேரம் பார்த்துத்தான் கப்பல்காரர்கள் அனுப்பிய ‘கப்பலில் என்ன எதிர்பார்க்கலாம்’ என்ற பன்னிரண்டு பக்கக் குறிப்பு வந்து சேர்ந்தது. இங்கிலீஷில் இருந்ததை தேவா போனில் இருந்த ஏதோ ஒரு ஆப்பில் போட்டுத் தமிழாக்கினான். இரண்டே நிமிஷம். நிமிஷத்துக்கு ஆறு பக்கம்.

குமரேசன் முதல் மூன்று பக்கத்தையும் சத்தம் போட்டுப் படித்திருந்தார். மறுபடியும் படித்தார்.

“‘கரையில் இறங்கும் நேரம் வந்ததும் உங்கள் ராசியை ஒலிபெருக்கியில் அழைப்போம். ஒரு ராசிக்குப் பத்துப் பேர் மட்டுமே. கணவனும் மனைவியும் ஒரே ராசியில் போக விரும்பினால் முன்கூட்டியே தெரிவிக்கவும்.’ நான் விருச்சிகம். நீ மேஷம். எப்படிமே ஒரே ராசியில போறது?”

“சொன்னா மாத்திக் குடுப்பாங்க போல மாமா,” என்றான் தேவா.

“ராசிய மாத்திக் குடுக்க அது இன்னா ரேஷன் கார்டாடா? இதக் கேளு. ‘கடல் கொந்தளித்தால் உங்கள் ராசி ரத்து செய்யப்படும். ராசி ஈரமாகும், தயாராக இருங்கள்.’ அறுபத்தொரு வருஷமா இந்த ராசியில இருக்கறேன். ஒரு நாள் ஈரமானதில்ல.”

“ஏங்க, அத விடுங்க. மொதல்ல அந்த ஓடிபி…”

“தாண்டவராயன் ஐயாவக் கேக்காம இதுல நான் கை வெக்க மாட்டேன்.”

விழுப்புரம் தாண்டவராயன் சோதிடரைக் கேட்காமல் குமரேசன் போர்வெல் போட்டதில்லை, மாடு வாங்கியதில்லை, ஒரு தரம் மீசை எடுத்ததும் இல்லை. மூன்று பக்கத்தையும் மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்தார். பையில் வறுத்த மல்லாட்டை இருந்தது. கொஞ்சம் எடுத்து தேவா கையில் கொடுத்து இடம் பண்ணிக்கொண்டார். அடுத்த நிமிஷம் விழுப்புரம் பஸ்ஸின் படிக்கட்டில் இருந்தார்.

பிரிண்டர் திடீரென்று உயிர் பிடித்தது.

நான்காம் பக்கம் வெளியே வந்தது.

முனியம்மாள் அதை எடுத்து ஒரு தரம் படித்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் படித்தாள்.

‘கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு ராசியிலும் காற்று சரிபார்க்கப்படும். கத்தி, ஊசி போன்றவற்றை ராசிக்குள் கொண்டுவர வேண்டாம்.’

“தேவா. ராசிக்குள்ள எப்படிடா காத்து இருக்கும்?”

“கெரகம் எல்லாம் அந்தரத்துலதானக்கா சுத்துது. இருக்கும்.”

“‘ராசியின் பின்பக்கம் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். கையை வெளியே நீட்டாதீர்கள்.’ இதுக்கு இன்னா சொல்ற?”

தேவா தன் போனை எடுத்தான். இங்கிலீஷ் மூலத்தைத் திறந்தான். கீழே உருட்டினான். உருட்டிய விரல் நின்றது. காது இரண்டும் சிவந்தன.

“அக்கா, ஒரு சின்ன மிஸ்டேக் ஆயிடுச்சு.”

“எவ்ளோ சின்னது?”

“ஜோடியாக்னா ராசிச் சக்கரம். அது கரெக்ட். ஆனா கப்பல்காரங்க பாஷையில ஜோடியாக்னா படகாம். காத்தடிச்ச ரப்பர் படகு. பெரிய கப்பல் கரை வரைக்கும் போவ முடியாதுல்ல. நடுக்கடல்ல நிறுத்திட்டு, இந்தப் படகுல பத்துப் பத்துப் பேரா ஏத்திகினு போய்க் கரையில வுடுவாங்க. ஆப்புக்கு அது தெரியல. எல்லா படகையும் ராசி ஆக்கிடுச்சு.”

திரையில் ஒரு படம் இருந்தது. நீலப் பனிமலை. முன்னால் கறுப்பு ரப்பர் படகு, ஊதிய தலையணை போல. அதன் ஓரத்தில் சிவப்பு ஜாக்கெட் போட்ட பத்துப் பேர். பின்னால் ஒரு கை மோட்டார்ப் பிடியில், மறு கை இடுப்பில், முடி பறக்க நின்றுகொண்டு ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா,” என்றான் தேவா, “இது நம்ம வெண்ணிலா.”

முனியம்மாள் திரையைத் தொட்டாள். படம் பெரிதானது. மகள்தான். வழிகாட்டி வேலை என்றாளே தவிர, படகு ஓட்டுவதாக இவள் ஒரு நாளும் சொன்னதில்லை. தேவா கடையில் வேறு யாரும் இல்லை. இருந்திருந்தால் முனியம்மாள் அவர்களைக் கட்டிப்பிடித்திருப்பாள்.

“மாமாவுக்குப் போன் போடு. ஜல்தி.”

போட்டான். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சோதிடர் வீட்டு வாசலில் போனை அணைத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும் என்பது தாண்டவராயன் ஐயாவின் சட்டம். குமரேசன் அந்தச் சட்டத்தை பஸ் ஏறும்போதே அமல்படுத்திவிடுவார்.

“ஃபாரத்தையும் இந்தப் படத்தையும் என் போன்ல ஏத்திக் குடு. நானே போறேன்.”

“நானும் மாமாவுக்கு ட்ரை பண்ணிகினே இருக்கறேன்க்கா. தப்பு என்னுது. நானே சொல்லி மன்னிப்பு கேட்டாத்தான் எனக்குச் சோறு எறங்கும்.”

அதைக் காதில் வாங்க முனியம்மாள் அங்கே இல்லை.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. முனியம்மாள் மீதி எட்டுப் பக்கத்தையும் விரித்தாள். ராசி என்று வந்த இடமெல்லாம் படகு என்று மாற்றிக்கொண்டு படிக்கப் படிக்க, அவளுக்கு உட்கார முடியவில்லை.

கோட்டு, டை எதுவும் வேண்டாமாம். ஆளுக்கொரு சிவப்பு ஜாக்கெட் கொடுப்பார்களாம், அதை வீட்டுக்கே கொண்டு போய்விடலாமாம். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் கடனாகக் கொடுப்பார்களாம். கரைக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் பூட்ஸைக் கழுவ வேண்டும். சட்டைப் பையில் ஒரு விதைகூட இருக்கக் கூடாது, அந்த மண்ணில் புதுசாக எதுவும் முளைத்துவிடக் கூடாது. கேப்டன் கப்பல் ஓட்டும் அறைக்கு எந்நேரமும் போய்ப் பார்க்கலாம். திமிங்கிலம் தெரிந்தால் தூங்குகிறவர்களையும் மைக் போட்டு எழுப்புவார்கள். கரையில் வெள்ளைக் கரடி வரலாம், அதனால் துப்பாக்கியோடு காவல் உண்டு. இன்றைக்கு இந்த இடம் என்று போட்டிருந்தால் நம்ப வேண்டாம், பனி வழி விட்டால்தான் அந்த இடம். சாப்பாட்டுக்கு முன் எல்லாரும் ஒரு கூடத்தில் கூடி, அன்றைக்கு என்ன பார்த்தோம் என்று பேசுவார்கள்.

அந்தப் பேச்சை நடத்துவது வழிகாட்டி. அதாவது வெண்ணிலா.

டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரிடம் போனை நீட்டினாள். “இது எம் பொண்ணு.”

“படகு ஓட்டுதா?”

“நடுக்கடல்ல.”

“டிரைவர் அண்ணே,” என்று கண்டக்டர் முன்னால் குரல் கொடுத்தார், “இந்தம்மா பொண்ணு பனிக்கட்டி நடுவுல வண்டி ஓட்டுதாம். நீ இந்த வேகத் தடைக்கே அழுவற.”

பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்றது. முனியம்மாள் படத்தை இன்னும் ஒரு முறை பார்த்தாள். இந்த முறை மகளை விட்டுவிட்டுப் படகைப் பார்த்தாள். பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. ஒரு கயிறு மட்டும். அலை படகின் ஓரத்தைத் தாண்டி, உட்கார்ந்திருந்தவர்கள் மடியில் தெறித்துக்கொண்டிருந்தது.

அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

எட்டு வருஷத்துக்கு முன் மரக்காணத்துச் சொந்தக்காரர் ஒருவர் கழுவெளி ஏரியில் பறவை காட்டுகிறேன் என்று குமரேசனைத் தோணியில் ஏற்றினார். தோணி ஒரே ஒரு முறை சாய்ந்தது. குமரேசன் குதித்தார். தண்ணீர் முழங்கால் அளவுதான். கரை வரைக்கும் அரை மைல் சேற்றில் நடந்தே வந்தார். அன்றைக்குச் சொன்னார்: “கப்பலுன்னா கூட யோசிப்பேன். இந்தச் சின்னப் படகு இருக்குதே, உசுரே போனாலும் இனிமே ஏற மாட்டேன்.”

உண்மையைச் சொல்லாவிட்டால் ராசி. சொன்னால் ரப்பர் படகு. இரண்டில் எது நடந்தாலும் மனுஷன் வர மாட்டார்.

மணி ஒன்று இருபது.

விழுப்புரம் கிழக்கு பாண்டி ரோட்டில் சோதிடர் வீட்டு வாசலில் பதினோரு ஜோடிச் செருப்பு. உள்ளே விட இரண்டே முக்கால் ஆனது. அதற்குள் முனியம்மாள் முப்பது விதமாகப் பேச்சைத் தயார் செய்து முப்பதையும் மறந்திருந்தாள்.

உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றாள்.

குமரேசன் சிரித்துக்கொண்டிருந்தார். நெற்றி நிறைய விபூதி, மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் இவ்வளவு வெளிச்சம் இல்லை.

“வாம்மா,” என்றார் தாண்டவராயன். எழுபது வயது, பட்டை பிரேம் கண்ணாடி. அந்த மூன்று பக்கத்தையும் ஜாதகம் போல மடியில் விரித்து வைத்திருந்தார். “உன் பொண்ணு வேலை செய்யுற எடம் சாதாரண எடம் இல்ல. நம்ம ஊர்ல கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பாக்கறதுக்கே சலிச்சுக்கறானுங்க. அவன் கப்பல்லேர்ந்து எறக்கறதுக்கே ராசி பாக்கறான்.”

“ஐயா, அது வந்து…”

“குறுக்க பேசாதமே,” என்றார் குமரேசன். “ஐயா, அந்த ஜல ராசிய இன்னொரு தரம் சொல்லுங்க. இவ காதுலயும் விழட்டும்.”

“விருச்சிகம் ஜல ராசிம்மா. ‘ராசி ஈரமாகும்’னு போட்டிருக்கான் பாரு. மூல நூல் படிச்சவன்தான் இத எழுதியிருக்கணும். தண்ணிக்கு நடுவுல இருக்கற வரைக்கும் உன் வீட்டுக்காரர யாராலயும் அசைக்க முடியாது. நீ மேஷம், நெருப்பு. நீதான் கொஞ்சம் பாத்து இருக்கணும்.”

“நான் பாத்துக்கறேன் ஐயா. அவளக் கைப்புடிச்சு இட்டுகினு போறேன்,” என்றார் குமரேசன்.

முனியம்மாள் வாயைத் திறந்தாள். முப்பத்தோராவது விதம் நாக்கு நுனியில் இருந்தது.

“ஒரே ஒரு பயம்தான் இருந்துச்சு,” என்று குமரேசன் தொடர்ந்தார். “நடுவுல எங்கனா சின்னப் படகுல ஏத்துவானோன்னு. மூணு பக்கத்தையும் தேடிப் பாத்துட்டோம். படகுன்ற பேச்சே இல்ல.”

முனியம்மாள் வாயை மூடினாள்.

“இந்த ஒரு எடந்தான் ஐயா இடிக்குது,” என்று குமரேசன் காகிதத்தில் விரல் வைத்தார். “‘இந்த மாதங்களில் சூரியன் மறையாது.’ சூரியன் உதிக்கறத வெச்சும் மறையறத வெச்சும்தானே ராகு காலம் பிரிக்கறீங்க. மறையவே மறையாதுன்னா அங்க ராகு காலம் எப்ப வரும்?”

தாண்டவராயன் கண்ணை மூடினார். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். விரல் கணு ஒவ்வொன்றாக எண்ணி, திரும்ப எண்ணி, ஐந்தாவது நிமிஷம் கண்ணைத் திறந்தார்.

“அங்க ராகுவுக்கு லீவு.”

குமரேசன் அவர் காலில் விழுந்தார். எழுந்து, “போன எடு, ஃபாரத்த போடு,” என்றார் மனைவியிடம்.

அவள் போனை எடுத்தாள். சுவரில் மணி மூன்றடித்தது.

“கூடாது,” என்றார் தாண்டவராயன். “செவ்வாக்கெழமை. மூணுலேர்ந்து நாலரை ராகு காலம். இங்க அவனுக்கு டூட்டி உண்டு. நாலரைக்கு மேல போடுங்க.”

நாலரைக்கும் ஐந்துக்கும் நடுவே அரை மணி நேரம். முனியம்மாளுக்கு மேஷம் முழுக்க எரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் குமரேசன் யாரையும் சும்மா விடவில்லை. முன் சீட்டுக்காரர், பின் சீட்டுக்காரர், கோழிக்கூடை வைத்திருந்த அம்மா, எல்லாருக்கும் கப்பல் கதை சொன்னார். “நம்மள மாதிரி இல்லீங்க. ராசிப்படிதான் எறக்குவான். விருச்சிகம்னா பத்துப் பேரு, அதுக்கு மேல ஒருத்தன் ஏற முடியாது.”

“நான் துலாம்,” என்றார் பின் சீட்டுக்காரர் ஏக்கமாக. “எங்களுக்கு எடம் இருக்குமா?”

“சீக்கிரம் போட்டா இருக்கும்.”

நாலு முப்பத்தொன்று. முனியம்மாள் ஃபாரத்தைத் திறந்தாள். ஓடிபிக்கு என்று அவர் போனையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அதை உயிர்ப்பித்த மறு நொடி அது அடித்தது. தேவா.

வெட்டினாள்.

“யாருமே?”

“லோன் வேணுமான்னு கேக்கறாங்க.”

“வேணாம்னு சொல்லு.”

ஃபாரமும் அதே ஆப் செய்த தமிழ்தான். கேள்விகளை அவள் படித்தாள், அவர் சொன்னார்.

“‘ஜாக்கெட் அளவு.’”

“பெருசாவே போடு. மல்லாட்டைக் கொல்லையில காவலுக்குப் படுக்கறப்ப ஆவும்.”

“‘பூட்ஸ் அளவு.’”

“ஒம்பது.”

“‘சட்டைப் பைகளில் விதைகள் இல்லை என்று உறுதி கூறுகிறீர்களா?’”

குமரேசன் யோசித்தார். பையிலிருந்த மல்லாட்டையை எடுத்துக் கோழிக்கூடை அம்மாவிடம் பாதி கொடுத்து, மீதியை வாயில் போட்டுக்கொண்டார். “இப்ப இல்ல. போடு.”

போன் அடித்தது. தேவா. வெட்டினாள்.

“‘கயிறு கட்டிப் பனிக்கடலில் குதித்து எழும் நிகழ்ச்சி உண்டு. கலந்துகொள்வீர்களா?’”

“ஜல ராசிமே நானு. ஆமான்னு போடு.”

“‘எனது ராசியில் பிறர் உதவியின்றி ஏறவும் இறங்கவும் என்னால் முடியும்.’”

“அதுல யாரோட ஒதவி வேணும் எனக்கு? பொறக்கும்போதே ஏறினவன்.”

டிக் அடித்தாள். விரல் சுட்டது. மணி நாலு நாற்பத்தாறு. இன்னும் ஒரே கேள்வி, பிறகு ஓடிபி. போன் மறுபடி அடித்தது. வெட்டி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

“கடைசி. ‘உங்கள் ராசியை ஓட்டுபவருக்கு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?’”

“ஓட்டறவரா?” குமரேசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அந்தக் கப்பல் சோதிடரத்தான் சொல்றான். எழுது.” தொண்டையைச் செருமினார். “‘ஐயா, வணக்கம். எங்க பொண்ணு வெண்ணிலா உங்க கப்பல்லதான் வேலை செய்யுது. அதுங்கூட ஜல ராசிதான், கடகம். ரெண்டு வருஷமா நாங்க யாரும் பக்கத்துல இல்ல. கூடப் பொறந்தவங்களும் இல்ல. அதுக்கு இன்னா தேவைன்னாலும் வாயத் தொறந்து கேக்காது. நீங்கதான் பெரிய மனுஷரா இருந்து பாத்துக்கணும்.’ எழுதிட்டியா?”

முனியம்மாள் ஒரு எழுத்தும் எழுதவில்லை.

“இன்னாமே?”

“ஏங்க. ராசியும் இல்ல, சோதிடரும் இல்ல.”

“இன்னா சொல்ற?”

“தேவா போட்ட தமிழ் தப்பு. ராசி ராசின்னு போட்டிருக்கறது எல்லாம் படகு. ரப்பர் படகு. காத்தடிச்சது. பத்துப் பத்துப் பேரா அதுல ஏத்திகினு போயித்தான் கரையில எறக்குவாங்க.”

குமரேசன் முதலில் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். பின் சீட்டுத் துலாம் ராசிக்காரரும் நிறுத்தினார்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“பன்னண்டு மணிக்கே.”

“தெரிஞ்சும் வாய மூடினு டிக்கு அடிச்சியா?”

“ஆமா. சொன்னா நீங்க வர மாட்டீங்க.”

“அப்ப இன்னும் பத்து நிமிஷம் மூடினு இருக்க வேண்டியதுதானே. காரியம் முடிஞ்சிருக்குமே.”

“முடிஞ்சிருக்கும். ஆனா அந்த ஓட்டறவருக்கு எழுதச் சொன்னீங்களே.” படத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். “இவதான் ஓட்டறவ. அவளப் பாத்துக்கச் சொல்லி அவளுக்கே எழுத எனக்குக் கை வரல.”

பஸ் கூட்டேரிப்பட்டில் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். மயிலம் போகிறவர்கள் நாலு பேர் தவறான பஸ் என்று தெரிந்து அவர்களும் இறங்கினார்கள். குமரேசன் படத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

முனியம்மாளுக்கு அடியில் போன் அதிர்ந்தது. குமரேசன் கையை நீட்டினார். கொடுத்தாள்.

“மாமா, தேவா பேசறேன். எங்க வீட்ல யாரும் இன்னிக்குச் சாப்புடல மாமா. அது வந்து, அந்த ராசி இருக்குதே…”

“படகு. தெரியும். போய்ச் சாப்புடு,” என்று வைத்தார்.

நாலு ஐம்பத்தொன்று.

“ஒரு நாளைக்கு எத்தினி தரம் இதுல போவா?”

“ஆறேழு தரம் இருக்கும்.”

“ஒவ்வொரு தரமும் பத்துப் பேரா?”

“ஆமா.”

அவர் படத்தைப் பெரிதாக்கினார். பத்து முகத்தையும் ஒவ்வொன்றாக, களத்தில் நெல் மூட்டை பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு போனார். ஏழாவது முகத்தில் நின்றார்.

“இந்தக் கெழவனப் பாருமே. எண்பது வயசு இருக்கும். கையில தடி. மூஞ்சி மேல தண்ணி அடிக்குது. சிரிக்கறான்.”

“ஆமா.”

“எதுக்குச் சிரிக்கறான்?”

“சந்தோஷமா இருப்பாரு. நல்லா ஓட்டறா போல.”

குமரேசன் கொஞ்ச நேரம் அந்தக் கிழவரையே முறைத்தார். அந்தக் கிழவருக்கு இது தெரிய நியாயமில்லை.

“யாருனே தெரியல. எந்த ஊருனும் தெரியல. எம் பொண்ணு ஓட்டற படகுல இவன் காலு மேல காலு போட்டுகினு உக்காருவான். பெத்தவன் நான் உக்கார மாட்டனா?” போனை அவள் மடியில் வைத்தார். “அமுக்குமே ஓடிபிய.”

அமுக்கினாள். அவளுடையது உடனே வந்தது. அவருடையது வரவில்லை. மறுபடி அமுக்கினாள். இப்போது இரண்டு வந்தன. முதலில் வந்ததைப் போட்டாள். தவறு என்றது. இரண்டாவதைப் போடும்போது பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏற, ஏழு எட்டாகிவிட்டது. மறுபடி தவறு என்றது.

“இன்னும் ஒரு தரந்தான் சான்ஸ்னு போட்டிருக்குது,” என்று பின் சீட்டுத் துலாம் அவள் தோளுக்கு மேலே எட்டிப் படித்தார்.

“டிரைவர் அண்ணே, கொஞ்சம் ஓரங்கட்டு,” என்றார் கண்டக்டர். “கப்பல் கெளம்புது.”

பஸ் ஓரங்கட்டியது. பஸ்ஸே மூச்சைப் பிடித்தது. எண் வந்தது. குமரேசன் படித்தார், கண்டக்டர் திருப்பிச் சொன்னார், கோழிக்கூடை அம்மா மூன்றாம் தரம் சொன்னாள், முனியம்மாள் ஒவ்வொன்றாகக் குத்தினாள். பச்சை டிக் விழுந்தது. யாரோ கைதட்டினார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார்.

நாலு ஐம்பத்தெட்டு.

“அனுப்பிடவா?”

“இரு. அந்த ஓட்டறவருக்குன்னு இருந்துச்சே, அந்தக் கட்டம். அத நான் சொல்ற மாதிரி எழுது.” குமரேசன் கண்ணை மூடிக்கொண்டார். சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார், படகில் ஏறியாகிவிட்டது போல. “‘வெண்ணிலா, அப்பா வர்றேன். என்னை ஓரத்துல உக்கார வெக்காத. நடுவுல வெய்யி. அம்மா பக்கத்துல வெய்யி. மெதுவா ஓட்டு.’”

அவள் வேக வேகமாக எழுதினாள். நாலு ஐம்பத்தொன்பது. அனுப்பு என்ற பொத்தானை அமுக்கினாள். ஒரு சக்கரம் சுற்றியது. சுற்றியது. நின்றது. ‘உங்கள் கேபின் உறுதி செய்யப்பட்டது.’

குமரேசன் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

“‘பயந்துட்டேன்னு நெனைக்காத. உனக்காகத்தான் சொல்றேன். அப்புறம், அந்தத் தடி வெச்சிருக்கற கெழவன் அன்னிக்கும் வந்தான்னா, அவன எழுப்பி வேற படகுல வுடு. எம் பக்கத்துல வேணாம்.’ எல்லாத்தையும் எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்,” என்றாள் முனியம்மாள்.